டிப்ஸ்டிக்கில் ஏறிய ஆயில்

கேள்வி: ஐயா, நான் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரம் செய்கிறேன். 2022-இல் வாங்கிய பி.எஸ்.6 டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். 64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் காலையில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் சரக்கு ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவேன். வாரத்தில் இரண்டு நாள் வடகாடு வழியாகப் பாச்சலூர் ஏறி, பாரத்துடன் இறங்குவேன். வண்டியோடு வந்த கையேட்டில் 5டபிள்யூ-30, ஏ.சி.இ.ஏ. சி3 ஆயில், 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவும் என்று போட்டிருக்கிறது. அந்த ஆயில் தண்ணீர் மாதிரி இருக்கிறது. இருபது ஆண்டுகளாக எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், “நம் ஊர் வெயிலுக்கும் மலைக்கும் இது தாங்காது, 15டபிள்யூ-40 ஊற்று” என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகனும், அங்கே ஒரு பெரிய கம்பெனியே பிக்கப்புகளுக்குக் கெட்டி ஆயிலுக்கு மாறிவிட்டதாகச் செய்தி அனுப்பினான். நான் 15டபிள்யூ-40 ஏழு லிட்டர் கேன் ஒன்றை வாங்கியும் வைத்துவிட்டேன். ஊற்றலாமா? மற்றபடி எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறைவதில்லை. போன வாரம் பார்த்தபோது, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் மேல் கோட்டுக்கும் மேலேயே இருந்தது.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கையேடு 5டபிள்யூ-30 சி3 என்று கேட்டால் அதையே ஊற்றுங்கள். சி3 என்பது ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ. வகுத்த ஆயில் தரம். வாங்கிய கேனைப் பிரிக்க வேண்டாம். அதை என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை மடித்து வைக்கவிடாமல் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கடைசி வரி. ஆயில் குறையவில்லை, மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது என்று பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கில் இருப்பு கூடினால் மகிழலாம். ஆயில் சேம்பரில் கூடினால், போட்டது யார் என்று விசாரிக்க வேண்டும். எஞ்சின் ஆயில் தானாகப் பெருகுகிற பொருள் அல்ல. போன சர்வீஸில் அளவு தெரியாமல் கூடுதலாக ஊற்றியிருக்கலாம். இல்லையென்றால் அதில் வேறு ஏதோ கலக்கிறது. உங்கள் வண்டியின் ஓட்டத்தைப் படித்த பிறகு, அது டீசல்தான் என்று சந்தேகிக்கிறேன். அப்படியானால் ஐந்தா பதினைந்தா, முப்பதா நாற்பதா என்று நாம் விவாதிப்பதெல்லாம் கேனுக்கு வெளியே ஒட்டியிருக்கும் எண்ணைப் பற்றித்தான். உள்ளே ஓடுகிற ஆயில் அந்த எண்ணை விட்டு எப்போதோ இறங்கிப்போயிருக்கும்.

அங்கே போவதற்கு முன், மெக்கானிக் அண்ணன் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அவர் அந்த ஆயிலை எப்படிச் சோதித்திருப்பார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டு வைத்துத் தேய்த்து, விரல்களைப் பிரித்து, நூல் எவ்வளவு நீளம் இழுக்கிறது என்று பார்ப்பது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் பதம் பார்ப்பது போலவே. பாடப்புத்தகத்தில் இந்தக் கெட்டித்தன்மைக்குப் பாகுநிலை என்று பெயர் வைத்தவருக்கும் அந்த நினைவு இருந்திருக்கும்போல. ஒரே வித்தியாசம், அவர்கள் பதம் பார்ப்பது அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் பாகை. நாம் பதம் பார்ப்பது பட்டறையில் ஆறிக் கிடக்கும் ஆயிலை.

சூடு ஏறினால் கதை மாறுகிறது. 40 டிகிரியில் அளந்தால் 5டபிள்யூ-30 சுமார் 70 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையின் அலகு) இருக்கும். 15டபிள்யூ-40 சுமார் 110. விரலுக்குத் தெரிகிற பெரிய வித்தியாசம் இதுதான். 100 டிகிரியில் இதே இரண்டும் ஏறத்தாழ 12, 14 என்று நெருங்கிவிடும். கடைசி எண்ணான 30, 40 என்பது இந்த 100 டிகிரி அளவை வைத்துக் கொடுப்பது: 9.3 முதல் 12.5 வரை இருந்தால் 30. அதற்கு மேல் 16.3 வரை 40. சி3 தரத்து 5டபிள்யூ-30 பெரும்பாலும் முப்பதின் மேல் விளிம்பிலேயே நிற்கும்.

எஞ்சினுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே ஓடும் மெல்லிய படலம். அங்கே வெப்பமும் அதிகம், ஆயில் பிழியப்படும் வேகமும் அதிகம். அதற்கென்றே 150 டிகிரியில், கடும் பிழிவில் அளக்கும் தனிச் சோதனை இருக்கிறது. சி3 முத்திரை வேண்டுமென்றால் அந்தச் சோதனையில் குறைந்தது 3.5 வாங்கியாக வேண்டும். 15டபிள்யூ-40-க்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 3.7. நடைமுறையில் நல்ல 15டபிள்யூ-40 நான்கைத் தொடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், விரலில் தேனும் தண்ணீரும்போலத் தோன்றிய வித்தியாசம் பேரிங்கில் இவ்வளவாகச் சுருங்கிவிடுகிறது.

இங்கேதான் பலர் கவனிக்காத இடம் வருகிறது. 5டபிள்யூ-30 என்று எழுதிய கேன்கள் எல்லாம் ஒன்றல்ல. பெட்ரோல் கார்களுக்கு, எரிபொருள் மிச்சமாகட்டும் என்று தயாரிக்கிற 5டபிள்யூ-30-க்கு அதே சோதனையில் 2.9 வாங்கினாலே போதும். 3.5-க்கும் 3.7-க்கும் இருக்கிற இடைவெளியைவிட 2.9-க்கும் 3.5-க்கும் இருக்கிற இடைவெளி மூன்று மடங்கு. அதாவது, “எண் ஒன்றுதானே” என்று கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் கார் ஆயில்தான் உண்மையில் உங்கள் மலைப்பாதைக்கு மெலிந்தது. கேனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சி3 இருக்கிறதா என்று படித்துவிட்டுக் காசு கொடுங்கள். முன்பக்கத்துப் பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது, சட்டையின் சைஸைப் பார்த்துவிட்டுத் துணியைப் பார்க்காமல் வாங்குவது மாதிரி.

முதல் எண்ணைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டபிள்யூ என்பது வின்டர், குளிர்காலம். 15டபிள்யூ ஆயிலையே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். மார்கழியில் கொடைக்கானல் புல்வெளியில் உறைபனி விழுந்தாலும் அந்தக் குளிரெல்லாம் இதற்கு ஒரு பொருட்டல்ல. அதனால் ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலை நமக்கு இல்லை. ஆனால் விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும், கீழே வடிந்து கிடக்கும் ஆயில் டர்போ வரை ஏறிப்போக வேண்டும். நம் ஊர்க் காலை வெப்பத்திலும் 5டபிள்யூ அங்கே முந்திப் போய்ச் சேரும். அவ்வளவுதான் அதன் ஆதாயம். ஆனால் தினமும் நாலைந்து தோட்டங்களில் நிறுத்தி நிறுத்தி எடுக்கிற உங்கள் வண்டிக்கு அது சின்ன ஆதாயமல்ல.

இப்போது 15டபிள்யூ-40 ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். அது கெட்டியாக இருப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. அதிலிருக்கும் சாம்பல்தான் பிரச்சினை.

உங்கள் வண்டியின் புகைக்குழாய் வழியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் வண்டிகளோடு வந்து சேர்ந்த உறுப்பு. எஞ்சின் விடும் கரியை அது தேன்கூடு போன்ற நுண்ணிய துளைகளில் பிடித்துவைத்து, நிறைந்ததும் சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றி எரித்துவிடும். விறகடுப்பு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. கரி எரியும், சாம்பல் எரியாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். இந்த அடுப்பில் அள்ளுவதற்கு வழியே கிடையாது. எஞ்சின் எரித்துவிடும் ஒவ்வொரு சொட்டு ஆயிலிலும் இருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்றவை சாம்பலாகி அங்கேயே தங்கும். சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சி.ஐ-4 என்ற பழைய டீசல் ஆயில் தரத்து 15டபிள்யூ-40-இல் அது ஒன்றைத் தாண்டி ஒன்றரை வரைகூடப் போகும்.

சாம்பலை வேண்டுமென்றே யாரும் போடவில்லை. பழைய டீசலில் கந்தகம் அதிகம். அது எரிந்து அமிலமாகும். அந்த அமிலத்தை முறிக்கும் காரப்பொருள்களே பிறகு சாம்பலாகின்றன. பி.எஸ்.4 டீசலில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு கந்தகம் இருந்தது, பி.எஸ்.6 டீசலில் 10 பங்குதான். எதிரி இளைத்துவிட்டான், அதனால் ஆயிலிலும் படையைக் குறைக்க முடிந்தது. உங்கள் மெக்கானிக் அண்ணன் இருபது ஆண்டுகளாக ஊற்றிய ஆயில் அந்த வண்டிகளுக்குச் சரியான ஆயில். அவர் அனுபவத்தில் பொய் இல்லை. வண்டிதான் மாறிவிட்டது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் திருந்தவில்லை. பி.எஸ்.6 வந்த புதிதில், செங்கல் சூளைக்காரர் ஒருவரின் புது பிக்கப்புக்கு, என் பட்டறையில் இருந்த பீப்பாயிலிருந்தே 15டபிள்யூ-40 ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டு ஓடியது. எஞ்சினில் ஒரு சத்தம் இல்லை, எனக்கும் நல்ல பெயர். பிறகு மீட்டர் போர்டில் வடிகட்டி விளக்கு எரிய ஆரம்பித்தது. கரியை எரிக்க வைத்தால் அணையும், பத்து நாளில் மறுபடி எரியும். கழற்றித் தட்டியபோது கொட்டியது கறுப்புத் தூள் அல்ல, வெளிர் சாம்பல். திருநீறு மாதிரி இருந்தது. அவருக்கு ஆன செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். முழுவதையும் ஏற்றிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா மகன் அனுப்பிய செய்தி உண்மைதான். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின் பொருத்திய 2021 முதல் 2024 வரையிலான பிக்கப்புகளையும் எஸ்.யூ.வி.களையும் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ ஆறு லட்சம் வண்டிகள். கிராங்கிலும் கனெக்டிங் ராடிலும் தயாரிப்புக் குறை. சோதனையில் தேறாத வண்டிகளுக்குப் பழுதுபார்ப்பு அல்லது வேறு எஞ்சின். தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20-க்குப் பதில் 0டபிள்யூ-40, புது ஃபில்டர், புது எண் பொறித்த ஆயில் மூடி. இதைக் காட்டி “பார்த்தாயா, கெட்டிதான் நல்லது” என்று சொல்லலாம். எனக்கு அதில் தெரிவது வேறு. அவர்கள் இருந்த இடம் 20. அது எரிபொருள் சிக்கன விதிகளுக்காக அமெரிக்கச் சந்தை இறங்கிப்போன இடம். டொயோட்டாவேகூட அங்கே 0டபிள்யூ-20 சொல்லும் கையேடுகளில், அதிவேகத்திலும் கடும் பாரத்திலும் ஓடும் வண்டிக்குச் சற்றுக் கெட்டியான ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது. உங்கள் சி3 ஆயில் அந்த இருபதை விட ஏற்கெனவே நன்றாகக் கனத்தது. தவிர, அங்கே எண்ணை மாற்றியது எஞ்சினைச் செய்தவர்கள். கையேட்டில் மாற்றுத்தாள் ஒட்டி, மூடியையும் மாற்றிக் கொடுத்தார்கள். அவை பெட்ரோல் வண்டிகள், உங்கள் வண்டியில் இருப்பது போன்ற டீசல் வடிகட்டி அவற்றில் கிடையாது.

உங்கள் கையேட்டிலும் ஆயில் அட்டவணையை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். சில வண்டிகளுக்கு 5டபிள்யூ-30-க்குக் கீழே 5டபிள்யூ-40-உம் அதே சி3 தரத்தில் அனுமதித்திருப்பார்கள். அப்படி இருந்தால், பாச்சலூர் ஏறுகிற உங்களுக்கு நான் அந்த நாற்பதையே சொல்வேன். அட்டவணையில் இல்லாவிட்டால் முப்பதோடு இருங்கள். யாராவது 20டபிள்யூ-50 என்று ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி டிப்ஸ்டிக். வடிகட்டியில் கரியை எரிக்க வேண்டிய நேரத்தில், எஞ்சின் வழக்கமான டீசலுக்கு மேல் இன்னும் கொஞ்சத்தை, பிஸ்டன் இறங்கும் வேளையில் தாமதமாகப் பீய்ச்சும். அது சிலிண்டரில் எரியாமல் புகையோடு போய் வடிகட்டியைச் சூடேற்ற வேண்டும். அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து, ரிங்குகளைக் கடந்து, கீழே ஆயிலில் கலந்துவிடும். வண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடினால் பத்து இருபது நிமிடத்தில் எரிப்பு முடிந்துவிடும். கலந்த கொஞ்சமும் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு நான்கு கிலோமீட்டர். போய் எஞ்சினை அணைத்துவிட்டுத் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறீர்கள். எரிப்பு பாதியில் நிற்கிறது. அடுத்த ஸ்டார்ட்டில் வண்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, மறுபடி டீசல் இறங்குகிறது. ஆயிலில் ஐந்து சதவீதம் டீசல் கலந்தாலே பாகுநிலை ஒரு கிரேடு கீழே போய்விடக்கூடும். நீங்கள் பயந்த தண்ணீர் ஆயில் கேனில் இல்லை. அது உங்கள் சேம்பரிலேயே தயாராகிறது. அதோடுதான் வாரம் இரண்டு முறை மலை ஏறுகிறீர்கள்.

நாளைக் காலை எஞ்சினைத் தொடுவதற்கு முன், வண்டி சமதளத்தில் நிற்கும்போது டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், டீசல் கலந்திருந்தால் நெடி தெரியும். பிறகு வெள்ளை ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு விட்டு, சாயங்காலம் வரை தட்டையாக வைத்திருங்கள். நடுவில் கறுப்பும், அதைச் சுற்றி மங்கலாக எண்ணெய்க் கறையும் பரவும். அந்தக் கறையின் வெளி விளிம்பில் தனியாக ஒரு வெளிர் வளையம் அகலமாக ஓடியிருந்தால் டீசல் கலப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகத் துல்லியம் இதில் கிடையாது, பட்டறைக்குப் போதும். கறுப்பைப் பார்த்துக் கலங்க வேண்டாம். டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், கரியைச் சுமந்து திரிவதும் அதன் வேலைதான். பால் காபி நிறத்தில் குழம்பியிருந்தால் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள், அது ரேடியேட்டர் தண்ணீர் கலந்ததன் அடையாளம்.

மட்டம் உண்மையிலேயே மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், பாச்சலூர் பயணத்துக்கு முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அளவு மீறிய ஆயிலை கிராங்க் அடித்து நுரைக்க வைக்கும். மூச்சுக்குழாய் வழியாக அது காற்றுப்பாதைக்குப் போய், எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடின வண்டிகளும் உண்டு. கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு மட்டத்தைச் சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். மட்டம் சரியாகும், கலந்த டீசல் உள்ளேயே இருக்கும். புது ஆயில் ஊற்றியபின் டிப்ஸ்டிக்கில் அது நிற்கும் இடத்தைச் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று ஆயிரத்திலேயே மறுபடி ஏறினால், ஓட்டத்தின் மேல் மட்டும் பழி போடக்கூடாது. இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, வடிகட்டியின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் சரியாக இருக்கிறதா என்று கருவி பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயில் மாற்றும் கணக்கையும் 20,000-இல் விடாதீர்கள். அது சீரான ஓட்டத்துக்கு எழுதிய எண். அதே கையேட்டில் கடினப் பயன்பாடு என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். குறுந்தூரம், பாரம், மலை, தூசி என்று அதில் இருப்பதெல்லாம் உங்கள் தினசரி வாழ்க்கைதான். 10,000-க்கு ஒருமுறை மாற்றுங்கள். வாரம் ஒருநாள் மார்க்கெட் வேலை முடிந்ததும் தாராபுரம் சாலையில் நிறுத்தாமல் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். வண்டி நிற்கும்போது ஐடிலிங் வழக்கத்தைவிட ஏறி, ஃபேன் இரைந்து, அடியிலிருந்து சூட்டு வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். அப்போது சாவியைத் திருப்பாமல் இன்னும் சிறிது தூரம் ஓட்டிவிடுங்கள்.

வழியில் எங்காவது ஆயில் குறைந்து, கையில் 15டபிள்யூ-40 தவிர வேறு இல்லை என்றால் அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேருங்கள். ஒருமுறை ஊற்றிய சாம்பலால் வடிகட்டி செத்துவிடாது. ஆயில் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் செத்துவிடும்.

அந்த ஏழு லிட்டர் கேன்: கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டால் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு பணம் போட்டு சி3 வாங்குங்கள். எடுக்க மறுத்தால், வடிகட்டி இல்லாத பழைய டீசல் வண்டியோ டிராக்டரோ வைத்திருக்கும் தோட்டக்காரர் உங்களுக்கு நிச்சயம் நாலு பேரைத் தெரியும். அவர்களின் கையேடு 15டபிள்யூ-40 கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, வாங்கின விலைக்கே தள்ளிவிடுங்கள்.